ஆறாம் பதிப்பின் மகத்தான வெற்றி

காஞ்சிபுரம் நெசவாளர் நல அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை சென்னைத் தலைமையகத்தின் சுற்றறிக்கை வந்தது. இணையத்தில் கணினிகளுக்கு முகவரி தர இரண்டு முறைகள் உண்டு. பழையது நாலாம் பதிப்பு, புதியது ஆறாம் பதிப்பு. இனி மெயில் எல்லாம் ஆறில் மட்டுமே போகவேண்டும், நாலை அறவே ஒழிக்கவேண்டும் என்று ஆணை.

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர் சுகாசினி அன்றே நாலை நிறுத்தினாள். ஆணை செவ்வனே நிறைவேறியது. ஒரு மெயிலும் போகவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை செவிலிமேட்டிலிருந்து தறிக்காரர் பழனி வந்தார்.

"என் சம்சாரம் பொன்னிக்கு நாளைக்கு ஆபரேஷன்மா. இங்கேர்ந்து காப்பீட்டு அனுமதி மெயில் வந்தாதான் செய்வாங்களாம். மூணு நாளா கேட்டுக்கினு இருக்காங்க."

மெயில் சர்வரிலேயே தேங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு நாலாம் முகவரி மட்டும்தான். சுகாசினி அதிகாரி ராமராஜனிடம் ஓடினாள்.

"ஒரே ஒரு வரி மாத்தணும் சார். முதல்ல ஆறுல போய்ப் பார்க்கட்டும், முடியலன்னா நாலுல போகட்டும்."

"'முடியலன்னா'ங்கிற வார்த்தை சுற்றறிக்கைல இருக்குதா?"

"இல்ல சார்."

"தலைமையகத்துல அனுமதி கேட்டு மெயில் போடும்மா."

போட்டாள். அதுவும் பொன்னியின் மெயிலுக்குப் பின்னால் போய் நின்றது.

"சார், ஆணை போட்டவங்களுக்கே ஆறு இல்ல."

ராமராஜன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அது அவங்க கொள்கை முடிவு. நாம தலையிடக் கூடாது."

வெளியே பழனி திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. போனில் மனைவியிடம், "தோ வந்துரும், நீ படு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுகாசினியால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. தலைமையகத்திடம் அனுமதி கேட்ட மெயிலை அழித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அந்த ஒரு வரியை மாற்றினாள். அரை நிமிடத்தில் எல்லா மெயிலும் போய்விட்டது.

பொன்னி நல்லபடியாக வீடு திரும்பினாள். காஞ்சிபுரத்து மெயில் தங்குதடையின்றி வருவதைக் கண்ட தலைமையகம், இது ஆறாம் பதிப்பின் மகத்தான வெற்றி என்று ராமராஜனுக்குச் சால்வை போர்த்தியது. மற்ற மாவட்டங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சுகாசினியை அனுப்பியது.

சர்வர் பார்க்கும் முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். சுகாசினி அறைக் கதவைச் சாத்தினாள்.

"உண்மையச் சொல்லுங்க. ஆறுல மட்டும் ஓட்டுறவங்க யாரு?"

ஒரு கையும் உயரவில்லை.

"நீங்க மேடம்?" என்றாள் முன்வரிசையிலிருந்த ஜெயப்ரியா.

சுகாசினியும் கை தூக்கவில்லை. பிறகு எல்லாரும் டீ குடித்துவிட்டு, 'எமது அலுவலகம் முழுமையாக ஆறுக்கு மாறிவிட்டது' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கலைந்தார்கள்.

அந்த முப்பத்தெட்டுக் கையெழுத்துகளை ஆதாரமாகக் கொண்டு மறுவாரம் புதிய ஆணை பிறந்தது: நாலை மாநிலத்தில் எவருமே பயன்படுத்தாத நிலையில், அந்த இணைப்பு வெள்ளிக்கிழமை முதல் நிரந்தரமாகத் துண்டிக்கப்படும்.

ஆணை எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே நிமிடத்தில் மெயிலில் வந்து சேர்ந்தது. நாலில்.