மணிக்குள் திணித்த புல்

சிங்கத்தைக் கண்டால் ஓட வேண்டும் என்கிற புத்தியே இந்தக் காலத்து ஆட்களுக்குப் போய்விட்டது. காசு கொடுத்து, கண்ணாடி வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, "ஏன் தூங்குது? எழுப்பி விடுங்க" என்கிறார்கள். சரணாலய வாசலில் வரிசை கட்டி நின்ற வண்டிகளைப் பார்த்துச் சிரோங்கா காறித் துப்பினார்.

அவருடைய கவலை வேறு. சினைப்பசு நன்யோகியைக் காணோம். கன்று போடவேண்டிய நாள் தாண்டிப்போன பசு.

எங்கே தொலைந்தது என்று வெளியே சொல்லவும் வழியில்லை. நகரம் வீங்கி வீங்கி அவருடைய மேய்ச்சல் நிலத்தில் அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன. மிச்சத்தை வறட்சி தின்றது. பச்சை என்று இருந்தது சரணாலய வேலிக்கு அந்தப் பக்கம்தான். தெற்கு வேலியில் ஓர் ஓட்டை, எவன் வெட்டியதோ! மூன்று வருஷமாக விடியற்காலையில் அதன் வழியேதான் மாடுகளை உள்ளே விட்டு மேய்த்து வந்தார். பரம்பரையாக மாடு மேய்க்கிற மசாய் இனத்துக்காரனுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? கழுத்து மணிக்குள் ஒரு பிடி புல்லைத் திணித்துவிட்டால் சத்தம் காவலர் காதுக்கு எட்டாது.

இன்று மற்ற மாடுகள் திரும்பின, நன்யோகி திரும்பவில்லை. தேடலாமென்றால் மணியும் ஊமை. உள்ளே பிடிபட்டால் மாட்டைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். யோசித்து யோசித்து ஒரு பொய்யோடு வந்திருந்தார்.

"தம்பி, உங்க சிங்கம் வேலி தாண்டி வந்து, என் பட்டியில இருந்த பசுவை இழுத்துட்டுப் போயிடுச்சு. நான் உள்ள போய்த் தேடணும்."

அதிகாரி பராசா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "சிங்கம் வெளிய வந்துச்சா?"

அபாயச் சங்கு அலறியது. வாசலை மூடினார்கள். அடுக்குமாடிக்காரர்களைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள். மயக்க ஊசித் துப்பாக்கியோடு மாட்டு டாக்டர் ஓடி வந்தார்.

"இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதுக்குப்பா? ஏதோ கிழட்டுச் சிங்கம்" என்றார் சிரோங்கா.

"பார்த்தீங்களா? பிடரி கறுப்பா?" என்றார் பராசா.

"கறுப்புதான்."

"போச்சு! அது கிழடு இல்ல பெரியவரே. போன வருஷம் ஆளைத் துரத்தினது அதுதான்!"

இன்னொரு சங்கும் சேர்ந்துகொண்டது. சிரோங்கா குரலை இறக்கினார். "இருட்டு தம்பி... திருடனா இருந்தாலும் இருக்கும்."

உடனே போலீஸ்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார். எல்லோருமாகப் பட்டியைப் பார்க்கப் போனார்கள். முள்வேலியில் ஒரு முள்கூட நகரவில்லை.

"ரத்தம் எங்க?" என்றார் பராசா.

"திருடன் படலைத் திறந்து பதவிசா கூட்டிட்டுப் போயிருப்பான்."

"அப்போ சிங்கம்?"

"அது வெளிய நின்னிருக்கும்."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேரும் கூட்டாளிங்களா?"

அந்த நேரம் பராசாவின் வயர்லெஸ் கரகரத்தது. சரணாலயத்தில் புல் வெட்டும் டிராக்டர் ஓட்டுகிற முவேனி பேசினாள். தெற்கு மூலையில் ஒரு பசு நிற்கிறதாம்.

பராசா சிரோங்காவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் ஆள் உயரப் புல். ஒரு விலங்கு கண்ணில் படவில்லை. தெற்கு மூலையில் மட்டும் புல் மழித்தாற்போல் கிடந்தது. அங்கே வரிக்குதிரைகள் மந்தை மந்தையாக நின்றன. நடுவில் நன்யோகி. அதன் காலடியில், ஈரம் காயாத கன்று. முவேனி கையில் தடியோடு கழுதைப்புலிகளை விரட்டிக்கொண்டிருந்தாள்.

சிரோங்கா மண்டியிட்டுக் கன்றின் மூக்கைத் துடைத்தார்.

பராசா பசுவின் கழுத்து மணியை ஆட்டினார். சத்தம் இல்லை. உள்ளே விரலை விட்டுப் புல்லை உருவிக் கீழே போட்டார்.

"இதைத் திணிச்சது சிங்கமா, திருடனா?"

சிரோங்கா நிமிரவில்லை. "நான்தான். என்னை உள்ள போடு. மாட்டை மட்டும் பறிக்காதே தம்பி. கன்னு இன்னும் சீம்பாலே குடிக்கல."

பராசா வாயைத் திறப்பதற்குள் முவேனி முந்திக்கொண்டாள்.

"என்ன சார் விளையாட்டு இது? டிராக்டர் படுத்து மூணு வருஷமாச்சு. சிங்கம் ஒளிய முடியாதபடி இவரு மாடு புல்லை மேயலைன்னா இங்க வரிக்குதிரை ஏது, வேடிக்கை பார்க்க வர்ற கூட்டம் ஏது? நீங்க சொல்லித்தானே அந்த வேலி ஓட்டையை நானே வெட்டினேன்!"

பராசா வானத்தைப் பார்த்து இருமினார்.

சிரோங்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சர்க்கார் சும்மா புல் கொடுக்குமா? இதில் ஏதோ சூது இருக்கிறது. கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கீழே கிடந்த புல்லைப் பொறுக்கி, மறுபடி மணிக்குள் இறுக்கித் திணித்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட்டையை நோக்கி நடந்தார்.