பனித்துளியும் முதுகுப் பிடிப்பும்

இந்த வருடம் முதல் பரிசு எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நடுவர்களுக்குத் தெரிய வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் புகைப்படச் சங்கப் போட்டியில் மூன்று வருடமாக எனக்கு ஆறுதல் பரிசு. அந்தச் சான்றிதழ்களை என் மனைவி சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்து, மேலே டப்பா அடுக்கியிருக்கிறாள். முதல் பரிசு வாங்கினால் ஹாலில் மாட்டலாம் என்று வாக்குக் கொடுத்து, ஆணி மட்டும் அடித்து வைத்திருக்கிறாள். அந்த மொட்டை ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்த வருடத் தலைப்பு 'துளியும் சிற்றுயிரும்'. பனித்துளி ஒன்று, பூச்சி ஒன்று, இரண்டும் ஒரே படத்தில். படம் அனுப்ப ஞாயிறு மாலை கடைசி நேரம். எனக்குக் கிடைத்தது சனி, ஞாயிறு இரண்டே காலைகள். அதே சனி, ஞாயிறு பார்த்துத்தானா என் மச்சான் வீடு மாற்ற வேண்டும்? மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அவனிடம் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. போர்க் கப்பலை உருக்கிச் செய்திருப்பார்கள் போல.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக, "ஐயோ!" என்றேன்.

"என்னங்க ஆச்சு?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு. திரும்ப முடியலை."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "சரி, ஆடாம அசையாம படுத்திருங்க. நான் போய் சாமானெல்லாம் கட்டி வச்சுட்டு வர்றேன். லாரி நாளைக்குத்தான். பீரோவுக்கு ஆள் சொல்லிக்கலாம்."

அவள் வாசற்கதவைச் சாத்திய இரண்டாவது நிமிடம் நான் கொல்லைப்புறப் புல்லில் குப்புறக் கிடந்தேன். கேமராவும் கண்ணும் தரையோடு தரையாக. எறும்பு ஒன்று கிடைத்தது. எறும்புக்கு உலகத்தில் எல்லாம் தெரியும், நிற்க மட்டும் தெரியாது. கெஞ்சினேன். கொஞ்சினேன். இருநூறு படம் எடுத்து, ஒன்றே ஒன்றில் துளிக்குப் பக்கத்தில் நின்றது. துளிக்குள் மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள். என்னவென்று தெரியவில்லை. பார்க்க அற்புதமாக இருந்தது.

சாயங்காலம் படுக்கையில் மடிக்கணினியை வைத்து அதை நானே ரசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்றாள்.

"அழகா இருக்கே! எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம்."

"துளிக்குள்ள என்னங்க, மஞ்சளா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "துளிங்கிறது ஒரு லென்ஸ் மாதிரி. பின்னாடி இருக்கிறதைத் தலைகீழாக் காட்டும். அதெல்லாம் உனக்குப் புரியாது" என்றேன்.

"அப்படியா?" என்று மடிக்கணினியைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாள். "நம்ம பெட்ஷீட்!"

"எந்த பெட்ஷீட்?"

"நேத்து வாங்கினது. இன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அலசிக் கொடியில போட்டேன். போன மாசம் அது கடையில இருந்துச்சு."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். "தம்பி, பீரோவுக்கு ஆள் சொல்லாதே. அத்தானுக்கு முதுகு சரியாயிடுச்சு. எப்படியா? புல்லுல குப்புறப் படுத்தாராம், விட்டுப்போச்சு."

ஞாயிறு விடியற்காலை. இன்னும் நல்ல எறும்பு கிடைக்குமென்ற நப்பாசையில் மச்சான் வீட்டுக்குக் கேமராவையும் எடுத்துப் போயிருந்தேன். "நான் வச்சிருக்கேன், நீங்க பீரோவைப் பாருங்க" என்று மனைவி வாங்கிக்கொண்டாள். மச்சான் என் முதுகில் பீரோவை ஏற்றிவிட்டு, பின்னால் பேருக்குக் கை வைத்துக்கொண்டான். மாடிப்படி இறங்கி வாசலுக்கு வருவதற்குள் எனக்கு மூன்று ஜென்மம் கண்ணில் தெரிந்தது. வாசல் புல் பக்கம் உட்கார்ந்துகொண்டு இவள் கேட்கிறாள்:

"என்னங்க, துளி தெளிவாத் தெரியணும்னா எங்க குறி வைக்கணும்?"

"துளியைக் குறி வைக்காதே... உள்ள தெரியற உருவத்தைக் குறி வை..." என்றேன், நாக்குத் தள்ள. குரு ஸ்தானத்தை அந்த நிலையிலும் நான் விடவில்லை.

"அப்படியே கொஞ்சம் நில்லுங்க."

"பீரோவோடயா?"

"ஒரு நிமிஷம்தாங்க."

நான் மூச்சு வாங்கட்டும் என்ற கரிசனம் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. நின்றேன். ஒரு நிமிடம் மூன்று நிமிடமானது. அப்போதும் ஆடாமல் நின்றேன். மறுநாள் முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. வீட்டில் யாரும் நம்பவில்லை.

அடுத்த வாரம் சங்கத்தில் முடிவு சொன்னார்கள். என் எறும்புக்கு ஆறுதல் பரிசு. முதல் பரிசு யாருக்கு என்கிறீர்கள்? என் மனைவிக்கு! நான் உறுப்பினராம், அதனால் குடும்பத்தாரும் படம் அனுப்பலாமாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படத்தைத் திரையில் போட்டார்கள். ஒரு புல், ஒரு துளி, அவ்வளவுதான். எனக்குப் போன உயிர் திரும்பியது. முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஐயா, ஆட்சேபணை! சிற்றுயிர் இருக்கணும்னு விதி. இதுல எங்க இருக்கு?"

"துளிக்குள்ள நல்லாப் பாருங்க சார்" என்றார் நடுவர்.

பார்த்தேன். தலைகீழாக, முதுகில் பீரோவுடன், ஆடாமல் அசையாமல் நான் நின்றுகொண்டிருந்தேன்.