ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும்

வண்டி வாங்கும் விஷயத்தில் என்னைப் போல ஆராய்ச்சி செய்தவன் கோலார் தங்க வயலிலேயே கிடையாது. மாதக்கணக்கில் வீடியோ பார்த்தேன். கடைசியில் எங்கள் வண்டியை முடிவு செய்தது ஒரு தேக்சா மூடி.

என் மனைவி ஸ்டெல்லா விருந்துகளுக்குப் பிரியாணி செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தாள். பிரியாணி வேகும் பெரிய அண்டாக்கள், அதாவது தேக்சாக்கள், வண்டியில் ஏற வேண்டும். மைசூர் மைன்ஸ் பக்கத்துக் குழிகளில் (ரோடு என்றும் சொல்வார்கள்) வண்டி உடையாமல் ஓட வேண்டும். பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன் ஒன்றை ஓட்டிப் பார்க்க வீட்டுக்கே வரவழைத்தேன். அன்றுதான் அவளுடைய முதல் பெரிய ஆர்டர், ஊரிகத்தில் ஞானஸ்நான விருந்து. அது நன்றாக அமைந்தால் அதே வீட்டுக் கல்யாண ஆர்டரும் அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

"லோடு ஏத்திப் பாக்காம எப்படி வாங்கறது?" என்றேன்.

"லோடு எல்லாம் பேடா சார், வேணாம் சார்," என்று ஷோரூமிலிருந்து வந்த கிரண் கெஞ்சினார்.

"இன்னாங்க, ஆட்டோ சொல்லி வச்சிருக்கேன். அதுலயே போவட்டும்," என்றாள் ஸ்டெல்லா.

நான் கேட்டால்தானே. இரண்டு தேக்சாவில் ஒன்றைப் பிடிவாதமாக வண்டியில் ஏற்றினேன். மற்றதை அவள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். (எங்கள் வீட்டின் மொத்த அறிவும் அந்த ஆட்டோவில்தான் போனது.)

கிரண் என் பக்கத்தில் ஏறினார். பின்சீட்டில் பாதியை மடக்கிவிட்டு, மீதிப் பாதியில் தேக்சாவுக்குக் காவலாக அப்பா உட்கார்ந்தார். தங்கச் சுரங்கம் மூடும்வரை, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டுக்கு மணி அடித்தவர். ஓடுகிற கேஜ் ஒரு மணி கேட்டால் நின்றாக வேண்டும். அந்தச் சட்டம் எங்கள் ஸ்கூட்டருக்கும் உண்டு. பின்னாலிருந்து அவர் ஒரு தட்டு தட்டினால் நான் ஏனென்று கேட்காமல் பிரேக் போட்டுவிடுவேன்.

வண்டி அருமையாகப் போனது. ஊரிகம் ஸ்டேஷன் தாண்டி இறக்கத்தில் ஒரு குழி. பின்னால் 'டங்' என்று ஒரே ஒரு சத்தம்.

என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது. வண்டி அந்த இடத்திலேயே நின்றது. பிரியாணி நிற்கவில்லை. தேக்சா கவிழ்ந்து, மடக்கிய சீட்டைத் தாண்டி, கியர், ஏசி, கிரணின் வெள்ளைச் சட்டை என்று பாரபட்சமில்லாமல் பரிமாறிவிட்டது.

"ஏன்டா நிறுத்துன?" என்றார் அப்பா.

"நீங்கதானே ஒரு மணி அடிச்சீங்க?"

"நான் எங்கடா அடிச்சேன்? மூடி குதிச்சிச்சு."

கிரண் காலருக்குள்ளிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து வெளியே போட்டார். "பிரேக் மட்டும் சூப்பர் சார்," என்றார். (தொழில் பக்தி.) "ஆனா இந்த வண்டிய இனிமே நீங்கதான் சார் எடுத்துக்கணும்."

விஷயம் தெரிந்ததும் ஸ்டெல்லா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்துக் கடையில் அரிசியும் தக்காளியும் வாங்கி, சர்ச்சுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, தக்காளிச் சோறு கிளறி அரைப் பந்தியைக் காப்பாற்றினாள். நான் வெங்காயம் நறுக்கினேன். அவள் விடியலிலிருந்து பட்ட பாட்டை ஒரே மிதியில் கொட்டிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

கல்யாண ஆர்டர் கிடைத்தது, தேக்சா பக்கம் நான் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. வண்டியும் எங்களுடையதானது. ஏசி போட்டால் இன்றும் பட்டை, கிராம்பு வாசனை வரும். சமையலறையில் ஏதாவது மூடி விழுந்தால் வீட்டில் எல்லோரும் அப்படியே நின்று என்னைப் பார்ப்பார்கள்.

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுப்பார்: "நான் அடிக்கலப்பா."