டேனியல் சாருக்குச் சந்தேகம் வந்த கதை

வாசகரே, காஞ்சிபுரத்தில் பலவகை மனிதர்கள் உண்டு. இன்று நாம் பார்க்கப்போவது சந்தேகமே வராத வகை. இந்த வகைக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கலாம், விஞ்ஞான நம்பிக்கை இருக்கலாம். செவிலிமேடு டேனியல் சாருக்கு இரண்டும் இருந்தன. வார நாட்களில் பள்ளியில் இயற்பியல், ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம். "இத எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?" என்று ஒரு மாணவி எழுந்தால், "புஸ்தகத்துல இருக்குது, உக்காரு" என்பார். "அக்கா கொழந்தைக்காக அவ்ளோ ஜெபம் பண்ணோமே, ஏன் சார் பொழைக்கல?" என்று சபையில் லோகேஷ் என்ற பையன் எழுந்தால், "அவிசுவாசம். உக்காரு" என்பார். விஞ்ஞானமும் வேதமும் இப்படி ஒத்துப்போன இடம் வேறு எங்கே உண்டு?

அவர் மனைவி கலாவதிக்குப் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. ஒருநாள் அவள் கழுத்தில் கட்டி ஒன்று தென்பட்டது. டாக்டர் கீர்த்தி ஊசியால் துளி சதை எடுத்து, சோதனைக்கு அனுப்பினார்.

"கேன்சர் இல்லதானே?" என்றார் டேனியல்.

"ரிப்போர்ட் வரட்டும் சார். இப்போ எதுவும் சொல்ல முடியாது."

"அப்புறம் எதுக்கும்மா இவ்ளோ படிச்சீங்க?"

"தெரியாதத தெரியாதுன்னு சொல்றதுக்கும் சேர்த்துத்தான் சார்."

விஞ்ஞானம் கைவிட்டதாகக் கருதிய டேனியல், நேராக பாஸ்டர் வீட்டுக்குப் போனார். பாஸ்டர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயம் சுகமாயிடும்னு ஒரு வார்த்த சொல்லுங்க பாஸ்டர்."

"அழுது கேப்பேன் சார். குடுப்பாரான்னு எனக்குத் தெரியாது."

"நீங்களே இப்படிச் சொன்னா?"

"டாக்டருக்காவது ரிப்போர்ட் வரும். எனக்கு அதுவும் வராது. தெரியாமத்தான் தெனமும் முழங்கால்ல நிக்கிறேன்."

இரண்டு பேரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவர், "ஒண்ணும் இருக்காது கலா, நிச்சயம்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டேனியல் சார் எழுந்து ஃபேனைக் கூட்டிவைத்தார்.

"எனக்கு பயமா இருக்குதுங்க. நீங்க இப்படி தைரியமா பேசிக்கினே இருந்தா, நான் யார்கிட்டப் போயி பயப்படறது?"

டேனியல் சார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் தெரியல கலா" என்றார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

சில நாளில் ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி. இந்த வகை மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் தேறிவிடுவார்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்த ஞாயிறே டேனியல் சார் சபையில் மைக்கைப் பிடித்தார்.

"ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அதுக்குப் பேருதான் விசுவாசம்..."

"எங்க தெரியும்?" பெண்கள் பக்கத்திலிருந்து கலாவதி எழுந்துவிட்டாள். "என் கையப் புடிச்சிக்கினு அழுதீங்களே!"

டேனியல் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"ஆமா, அழுதேன்" என்றார் மெதுவாக. "இத்தன வருஷத்துல நான் மனசார பண்ண ஜெபம் அது ஒண்ணுதான்."

இதைப் படித்ததும் உங்கள் மைத்துனரோ மேலதிகாரியோ நினைவுக்கு வந்திருப்பார். நாம் அந்த வகை இல்லை என்று ஆறுதலும் அடைந்திருப்பீர்கள். நிச்சயமாக இல்லையா?

அவ்வளவு நிச்சயமாகவா?