பிரெஞ்சு ஹார்னை விட்டவர்கள்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கையும், உங்கள் மருமகளான என் மகளும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருந்தாலும் இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டே படியுங்கள். முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் கட்டணச் சீட்டை வாசலில் நின்று படித்தவர்கள் கத்துவார்கள், உள்ளே போய் உட்கார்ந்து படித்தவர்கள் பெருமூச்சோடு நிறுத்திக்கொள்வார்கள்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நீங்கள் பதினைந்து வயதில் பிரெஞ்சு ஹார்ன் வாசித்த சங்கதி வெளியே தெரிந்துவிட்டது. தெரிய வைத்தவன் நான்தான். வேறு யாராவது இதை ஊதிப் பெரிதாக்கி உங்கள் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன். கால்பந்து மைதானத்தில் இரண்டு அணித் தலைவர்களையும் ஒரே நிமிஷத்தில் வெளியே அனுப்பிய நடுவர் நீங்கள். உங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் 'சிவப்பு அட்டை' என்றுதான் ஊரே சொல்கிறது. நீங்கள் சிரித்த படம் இதுவரை எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அப்படிப்பட்டவரை, அரைக்கால் சட்டையும் ஒற்றைக் காலில் சரிந்த காலுறையுமாக, கன்னத்தைப் பலூனாக உப்பவைத்துக்கொண்டு நிற்கிற கோலத்தில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஏன் ஒட்டினேன் என்பதைக் கேட்டுவிட்டு அட்டையை எடுங்கள்.

இந்த வருஷம் என் மகள் இசை ஆசிரியையாக வேலை பார்க்கிற பள்ளியில் பிள்ளைகள் எல்லாரும் டிரம்ஸ் பக்கமும் டிரம்பெட் பக்கமும் போய்விட்டார்கள். அவளுடைய வாத்தியமான அந்தச் சுருட்டிய பித்தளை ஹார்னுக்கு ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. நான்கு ஹார்ன்களும் அலமாரியில் பெட்டிக்குள்ளேயே படுத்திருந்தன. தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள யாரும் சேரலேன்னா நாலையும் வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடறேன். உங்களுக்கும் அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உங்கள் தங்கை ஆறுதலாக, "என்னடி, இப்படி உக்காந்துட்டே? எங்க அண்ணனே ஒரு காலத்துல இதை ஊதினவர்தான்" என்று சொல்லி, பழைய ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தை உருவினாள். பார்த்ததும் எனக்குள் அடைப்பெடுத்த குழாய் மாதிரி ஒரு யோசனை குபுக்கென்று வந்தது. பெரிய மனிதர்கள் இதை வாசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்க மாட்டார்களா? ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பார்களே, நான் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டேன்.

பிரபலங்கள் என்று தோன்றிய நாற்பத்தொரு பேருக்குக் கடிதம் எழுதினேன். 'தாங்கள் இளமையில் ஹார்ன் வாசித்ததுண்டா?' என்று கேட்டிருந்தேன். ஒன்பது பதில் வந்தது. அதில் ஐந்து பேர், தங்கள் கார் ஓட்டுநர் பள்ளிக்கூடம், மருத்துவமனை பக்கமெல்லாம் ஹார்ன் அடிப்பதே கிடையாது என்றும், அப்படி அடித்திருந்தால் மன்னிக்கவும் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட படம் மட்டும் அனுப்பியிருந்தார்கள். மிச்சம் இரண்டே பேர்தான் நிஜமாகவே வாசித்தவர்கள். ஒருவர் சினிமாவில் எல்லாரையும் கிணற்றில் தள்ளுவாரே, அந்த வில்லன் நடிகர். இன்னொருவர் டிவியில் வானிலை சொல்லும் அம்மையார்.

நடிகர் வீட்டுக்கு நேரிலேயே போனேன். பழக்கதோஷத்தில் பழைய காக்கிப் பையை மாட்டிக்கொண்டு போனது தப்பாகிவிட்டது. கதவைத் திறந்த நடிகரே, "மீட்டர் பின்னாடி இருக்குங்க" என்றார். கால் தானாகப் பின்பக்கம் போய்விட்டது. மூடியைத் திறந்து பார்த்தால், வீட்டில் ஒரு குழாயும் திறக்காத நேரத்தில் முள் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கேயோ கசிவு. அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்ல முடிந்தது. ஆனால் அதனாலேயே மனிதர் என்னை நம்பினார். திரையில் பார்க்கத்தான் அப்படி, வீட்டில் பூனைக்கு வழிவிட்டு நடக்கிறவர். "மூணு வருஷம் வாசிச்சேங்க. எதிர்ல இருக்கறவங்களைப் பாத்து ஊதுவோம், சத்தம் பின்னாடி போயிடும். அதோட வாயே பின்பக்கமாத்தானே இருக்கு? எனக்குப் பின்னாடி சுவர். நான் வாசிச்சதை அந்தச் சுவர் மட்டும்தான் ஒழுங்காக் கேட்டுச்சு. ஒருநாள் விட்டுட்டேன்" என்று சொல்லித் தன் படத்தைத் தேடிக் கொடுத்தார்.

வானிலை அம்மையார் தபாலில் அனுப்பியது, உங்களுடையது என்று ஆக மூன்று படம். மூன்றையும் பெரிதாக்கிப் பலகையில் ஒட்டி, மேலே 'முன்பு பிரெஞ்சு ஹார்ன் வாசித்த பிரபலங்கள்' என்று எழுதினேன். என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த 'முன்பு' வேண்டாம்ப்பா. எடுத்துடுங்க" என்றாள். அங்கேதான் நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வேலைக்காலம் முழுவதும் முந்தைய அளவு ஒரு கட்டத்தில், தற்போதைய அளவு ஒரு கட்டத்தில் என்று எழுதிப் பழகிய கை. "முன்புன்னா முன்புதாம்மா. தப்பா எழுத என்னால முடியாது" என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். மாட்டி முடித்துப் பார்த்தபோது நடுவில் இருந்தது நீங்கள்தான். இடதுபக்கம் நடிகர், வலதுபக்கம் வானிலை அம்மையார்.

பெற்றோர் கூட்டத்தன்று அந்த அம்மையாரே வந்திருந்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டதற்காக ஹார்னைக் கையில் வாங்கினார். இடது கை விரல்கள் தானாகச் சாவிகளில் போய் உட்கார்ந்தன, வலது கை ஹார்னின் அகன்ற வாய்க்குள் போனது, எனக்கே சிலிர்த்தது. பிறகு ஊதினார். பூட்டிய அறைக்குள்ளிருந்து ஓர் எருமை தன் கன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது. அவரே முதலில் சிரித்தார். பிறகு ஹார்னைத் திருப்பி அதிலிருந்து தண்ணீர் வடித்தார். பன்னிரண்டு அடிக் குழாயைச் சுருட்டித்தான் அந்த வாத்தியமே செய்திருக்கிறது என்றும், ஊதுகிற மூச்சு உள்ளே தண்ணீராகிவிடும் என்றும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மீட்டர் இல்லாத இணைப்பு ஒன்று இத்தனை வருஷமாக என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அப்போதுதான் கடைசி வரிசையில் சீருடையோடு ஓர் அம்மா எழுந்தார். பஸ் ஓட்டுகிறவர், பணி முடிந்து நேராக வந்திருந்தார்.

"நான் தினம் ஹார்ன் அடிக்கிறவ, எனக்கு இந்த ஹார்ன் தெரியாது. ஒரு சந்தேகம், கேக்கலாங்களா? இந்த மூணு பேரும் இப்ப வாசிக்கிறாங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

"விட்டதுக்கு முன்னாடி பெரிய ஆளானாங்களா, பின்னாடியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வானிலை அம்மையார், நாளை மழை உண்டு என்று சொல்கிற அதே நிதானத்தில், "பின்னாடிதாங்க. நான் இதை விட்ட மறுவருஷம்தான் டிவியில சேர்ந்தேன்" என்றார்.

"அப்போ, வாசிச்சதால பெரிய ஆளாகலை. விட்டதாலதான் ஆனாங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். 'முன்பு' என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. சுவரோரமாக நின்றிருந்த என் மகள் குனிந்து ஹார்னைப் பெட்டியில் வைத்து மூடினாள். அந்தக் கொக்கிகள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, மச்சான்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலை இசை அறை வாசலில் வரிசை. பத்தொன்பது பிள்ளைகள் ஹார்னில் சேரப் பெயர் கொடுத்தார்கள். ஒரு தகப்பனார் விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டே, "சீக்கிரமா எவ்வளவு நாள்ல விடலாம் டீச்சர்?" என்று கேட்டாராம். தலைமை ஆசிரியைக்கு எண்ணிக்கைதான் முக்கியம். நான்கு ஹார்னையும் முறைவைத்து ஊதட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மகள் வந்தாள். "விடறதுக்காகவே வர்றவங்களுக்கு நான் என்னப்பா சொல்லித் தரது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை உங்கள் குடும்பத்துச் சொத்து, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் குளியலறையில் உட்கார்ந்து தன் ஹார்னைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு முனையில் ஊற்றினால் எல்லா வளைவும் சுற்றி மறுமுனையில் வர வேண்டும். "ஊத்தவா?" என்று கேட்டுக் குவளையை வாங்கிக்கொண்டேன். ஊற்றிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று எனக்கு உறைத்தது. இந்த ஹார்னைப் பற்றி முன்பின் தெரியாத நாற்பத்தொரு பேரைக் கேட்டிருக்கிறேன். இருபது வருஷமாக வீட்டுக்குள்ளேயே வாசிக்கிறவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நீ ஏம்மா இதை விடலை?" என்றேன்.

வந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தாள். "இதுல தனியா ஊதினா ஒண்ணுமில்லைப்பா. பக்கத்துல இருக்கறவங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நம்ம சத்தத்தை அதுல கொண்டுபோய் வைக்கணும். சரியா வச்சுட்டா நம்மது எது, அவங்களது எதுன்னே தெரியாது. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்" என்றாள்.

இன்னொரு குவளை ஊற்றினேன்.

திங்கட்கிழமை முதல் காரியமாகப் போய்ப் பலகையைக் கழற்றிவிட்டேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. பத்தொன்பது பேரில் பதினைந்து பேர் திட்டப்படி விட்டுவிட்டார்கள். அவர்கள் வீடுகளில் பிள்ளை பிரபலமாகப் போகிறது என்று காத்திருக்கிறார்கள். நான்கு பேர் மட்டும் விட மறந்துவிட்டார்கள். பஸ் ஓட்டுகிற அம்மாவின் மகளும் அதில் உண்டு. "எப்படி விடச் சொன்னாலும் விட மாட்டேங்குது டீச்சர். சமையல் ரூம்ல வந்து சுவத்தைப் பாத்து ஊதுது" என்று அந்த அம்மா புகார் சொல்லிவிட்டுப் போனாராம். நான்கு ஹார்ன், நான்கு பிள்ளைகள். என் மகள் இப்போதும் வாரம் ஐந்து நாளும் வேலைக்குப் போகிறாள், வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாள்.

ஆகவே மச்சான், உங்கள் படம் சுவரில் இருந்தது ஆறே நாள். பார்த்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். பெற்றோர் கூட்டச் செய்தியோடு உள்ளூர்ப் பத்திரிகையிலும் கட்டைவிரல் அளவில் வந்தது, சரிந்த காலுறை அதில் தெரியவில்லை. நீங்கள் இத்தனை காலம் மூடிவைத்ததைத் திறந்தது என் குற்றம். இனி அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட மாட்டேன். நீங்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளாமல், எப்போதும்போல் எங்களிடம் பேச வேண்டும். அங்கே அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் மடங்க வேண்டிய நேரத்தில் மடங்கி, நிமிர வேண்டிய நேரத்தில் நிமிர்ந்து, நீங்கள் நீண்ட நாள் நடமாட வேண்டுமென்று இந்த வீட்டில் உள்ள மூன்று பேரும் ஒருமனதாக வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு, தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போன சமயம் நீங்களே போன் செய்துவிட்டீர்கள். முதல் நாளே உங்கள் தங்கை உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பதும், பத்திரிகையை நீங்கள் பத்துப் பிரதி வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்பதும், உங்கள் கோபமெல்லாம் படத்தை ஏன் கழற்றினேன் என்பதில்தான் என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும். போனை என்னிடமிருந்து வாங்கிய என் மகளிடம், தானும் வந்து சேரலாமா என்று நீங்கள் கேட்டீர்களாம். "விடறதுக்கா மாமா, கத்துக்கறதுக்கா?" என்று அவள் கேட்டதற்கு, "நாப்பத்தேழு வருஷம் விட்டுப் பாத்துட்டேம்மா, போதும்" என்றீர்களாம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஹார்ன் ஐந்தாவதாக ஒன்று இல்லை, அவளுடையதையே தருகிறாளாம்.