மாடியிலிருந்து வழிந்த மை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை ஒன்றுதான். கணவாய் மீனைக் கழுவி, வறுத்து, யாருக்கும் தெரியாமல் சாப்பிட வேண்டும்.

யாருக்கும் என்றால் கீழ்வீட்டு மாமிக்கு. வீட்டுக்காரம்மா. பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். "முட்டை ஓடுகூட என் கண்ணுல படக்கூடாது" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். ஆறு மாதம் திருப்பதி முழுக்க அலைந்து கிடைத்த வீடு இது. போனால் நடுத்தெருதான்.

அப்புறம் ஏன் மீன்? நானே பிடித்ததாயிற்றே! பழவேற்காட்டில் அக்கா வீட்டுக்காரர் படகில் போய், என் கையால் தூண்டில் போட்டு, இரண்டு கணவாய்! விட்டுவிட்டு வர மனசு வருமா?

ஒன்றை அக்காவே சுத்தம் செய்து கொடுத்திருந்தாள். அதை மசாலா தடவிச் சட்டியில் போட்டு, அடுப்பில் சிறு தீயில் மூடி வைத்தேன். இரண்டாவதைக் குழாயடியில் வைத்து அமுக்கினேன்.

டப்!

உள்ளே மைப்பை இருக்கும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? கை, சுவர், மூக்கு, எல்லாம் கறுப்பு! பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். அது நேராகப் போய் மாமியின் கோலத்தில் இறங்கியது.

"ஏம்மா செல்வி! மாடியிலேர்ந்து கறுப்பா என்னமோ ஓடறதே!"

"மை மாமி! எழுதற மை! புட்டி கவுந்துடிச்சி!"

"உங்காத்துக்காரர் டூட்டிக்குப் போயிட்டாரே, யார் எழுதறா?"

யோசிக்க நேரம் கொடுத்தால்தானே!

"நான்தான் மாமி. பத்தாவது பரீட்சைக்குப் படிச்சிக்கினு கீறேன்."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள்.

 அடுத்த நிமிஷம் படியில் காலடி! கையிலிருந்த மீனை அரிசி டப்பாவில் திணித்து, ஏழு ஊதுபத்தி கொளுத்துவதற்குள் வந்துவிட்டார்.

"என்ன ஒரு மாதிரி நாத்தம்?"

"மட்டமான மை மாமி."

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊதுபத்திப் புகையாகவும் இருக்கலாம். "இந்த வயசுல படிக்கணும்னு தோணித்தே! நான் டியூஷன் எடுக்கறவ, என்கிட்ட சொல்லப்படாதா?"

அங்கேயே உட்கார்ந்து கணக்கை ஆரம்பித்தார். ஒரு மணி நேரம்! அவர் எக்ஸ் எங்கே என்று கேட்கிறார், என் கண் அடுப்பில் வெந்துகொண்டே இருக்கும் சட்டி மேலே.

ராத்திரி என் வீட்டுக்காரர் ஒரே துண்டைப் பத்து நிமிஷம் மென்றார்.

"இன்னாடி இது, சைக்கிள் டியூபா?"

"நானே புடிச்சது. பேசாம துன்னுய்யா."

மறுநாள் காலையில் மாமி நோட்டுப் புத்தகங்களோடு வந்து நின்றார்.

"பரீட்சை ஃபாரம் வாங்கிண்டு வந்துட்டேன். நீ பாஸ் பண்ற வரைக்கும் இந்த வீட்டை விட்டு உன்னை எங்கயும் அனுப்பமாட்டேன்!"

வீடு தப்பித்தது. மார்ச்சில் எனக்குப் பரீட்சை.