உறுமாத அசுரன்

மலைக்கு அந்தப் பக்கம் வேங்கைநாடு என்றொரு நாடு இருந்தது. மன்னர் வீரகண்டரின் முப்பாட்டனார் ஓர் அசுரனைக் கொன்றாராம். அந்தக் கதையின் மேல்தான் அரியணை நின்றது. ஆண்டுதோறும் திருவிழாவில் மன்னர் வைக்கோல் அசுரன்மீது அம்பு விடுவார், மக்கள் கைதட்டுவார்கள். கிணறுகள் வற்றிய ஆண்டில் யாரும் கைதட்டவில்லை. "தண்ணி எங்கய்யா?" என்று ஒரு குரல்தான் கேட்டது.

மறுநாள் அரசாணை வந்தது: "தண்ணீரைக் குடித்தவன் அசுரன். மனித உருவில் உங்கள் நடுவே இருக்கிறான். எவன் உறுமுகிறானோ அவனை நோக்கி எல்லோரும் விரல் நீட்டுக. விரல்கள் சுட்டும் ஆள்மீது வில்லாளிகள் அம்பு விடுக."

பள்ளிகளில் பாடத்தை நிறுத்தி விரல் நீட்டப் பழக்கினார்கள். குறட்டை விட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். இருமல் வந்தவர்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டார்கள். கிணறு மட்டும் ஊறவில்லை. அதற்கு அரசாணை படிக்கத் தெரியாது, பாவம்.

திருவிழா வந்தும் அசுரன் சிக்கவில்லை. அமைச்சர் நீதிவளவர் உப்பு விற்கும் ஒச்சுவைப் பிடித்துவரச் சொன்னார். அவனுக்கு முன்பல் நீளம்; அது போதுமாம். அவன் மனைவி விருமாயி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயா, அது பிள்ளப்பூச்சிங்க! கோழி கொத்த வந்தாக்கூட ஒதுங்கிப் போற மனுசன்!"

"அழாதே அம்மணி. உன் கணவனுக்கு அரசு அளிக்கும் பெருமை இது," என்றார் நீதிவளவர்.

ஒச்சுவை மேடைத் தூணில் கட்டினார்கள். வில்லாளிகள் நாணேற்றி நின்றார்கள். ஆனால் அசுரன் உறுமாமல் அம்பு விடக்கூடாது. சட்டம் சட்டம்தான்.

"கொஞ்சம் உறுமப்பா," என்றார் அமைச்சர்.

"எனக்கு வராதுங்களே."

"வாயத் தொறந்துடாதய்யா!" என்று கூட்டத்திலிருந்து அலறினாள் விருமாயி.

காவலன் ஈட்டியால் குத்தினான். ஒச்சு பல்லைக் கடித்துக்கொண்டான். வெயில் ஏறியது. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மன்னருக்குப் பொறுக்கவில்லை. மேடையின் நடுவே பாய்ந்து வந்து, கண் சிவக்க, பல் தெரிய, ஊரே அதிரும்படி உறுமினார்.

முதலில் பள்ளிப் பிள்ளைகள் விரல் நீட்டினார்கள், பழக்கம். பிறகு பெரியவர்கள். கடைசியில் அமைச்சரின் விரலும் எழுந்தது. விற்கள் மெல்லத் திரும்பின. விருமாயி மட்டும் விரல் நீட்டவில்லை. அவள் ஓடிப்போய்த் தூணிலிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் வைக்கோல் அசுரனுக்குக் கிரீடம் வைத்திருந்தார்கள். அதன்மீது அம்பு விட்டவர் புதிய மன்னர் நீதிவளவர். கைதட்டல் வானைப் பிளந்தது. அது ஓய்ந்ததும் விருமாயி கேட்டாள்:

"அது சரி, தண்ணி எங்கய்யா?"

மன்னர் திரும்பி அவள் பல்லைப் பார்த்தார்.